சொன்னால் பலிக்காத மருந்து

மலையடிவாரத்து ஒரு காட்டில் குன்றி என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றதும் கொம்பும் கிளையுமாகப் பெரிய மானை நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கால் ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். ஒரு சருகு அசைந்தால் போதும், ஆளைக் காணோம். அதிலும் நம் குன்றிக்கு இருந்த கூச்சம் சொல்லி மாளாது. யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால், இவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அவளுக்கு ஒரே குட்டி, பெயர் மொட்டு. குன்றிக்கு உயிரே அதுதான்.

மொட்டு பிறந்த அன்று, குன்றியின் அம்மா அவளைத் தனியாக அழைத்துக் காதோடு காதாக ஒரு மருந்தைச் சொன்னாள். மழைக்காலத்தில் அந்தக் காட்டுக் குட்டிகளுக்கு ஒரு குளிர்காய்ச்சல் வரும். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். மருந்து கொடுக்காவிட்டால் குட்டி பிழைப்பது கடினம். சுனையோரப் பாறையில் படரும் கொடியின் இலைதான் அதற்கு மருந்து. எப்படிக் கொடுப்பது என்பதையும் அம்மா சொன்னாள். நான் இப்போது சொல்ல மாட்டேன். ஏனென்றால் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"உன் மகளைத் தவிர வேற யார் காதுலயும் இதைப் போடாதே. வாயைத் திறந்து வெளியே சொன்னா, அன்னிக்கோட உன் வீட்டுக்கு இந்த மருந்து பலிக்காது."

குன்றி தலையை ஆட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பதா கஷ்டம்? அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே. அன்று முதல், மொட்டுக்கு உடம்பு சுட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போலச் சுனைக்குப் போவாள். அக்கம்பக்கம் பார்ப்பாள். தேவையான இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வருவாள். வேரைத் தொடவே மாட்டாள், அடுத்த மழைக்கும் வேண்டுமே.

அதே காட்டில் சவ்வாது என்றொரு புனுகுப்பூனையும் இருந்தான். மூக்கு கூர்மை, பேச்சு தேன். மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு முற்றியதா பிஞ்சா என்று மேலே நின்றபடியே சொல்லிவிடுவான். அவன் நடந்து போகும்போது காய்ச்சலில் இருந்து எழுந்த குட்டிகளின் வாயெல்லாம் ஒரே வாசனை அடிப்பதைக் கவனித்தான். சருகுமான் குட்டி, முள்ளம்பன்றிக் குட்டி, கரடிக் குட்டி, மந்தியின் குட்டி என்று எதன் பக்கம் போனாலும் அதே வாசனை. சுனையோரத்து மரக் கவட்டையில் ஏறிப் படுத்துக்கொண்டான். ஒரு பகல் பொழுது முழுக்கக் கீழே நடப்பதைப் பார்த்தான்.

என்ன பார்த்தான் தெரியுமா? எல்லா வீட்டுத் தாயும் தனித்தனியாக, திருடியைப் போலப் பதுங்கி வந்து அதே இலையைக் கிள்ளிப் போனாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு மட்டும்தான் இது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே மருந்து, அதே சத்தியம். ஒருத்தியின் பின்னாலேயே போய், குட்டிக்கு அதை எப்படிக் கொடுக்கிறாள் என்பதையும் சவ்வாது ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டான்.

சவ்வாதுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தெரிஞ்சவங்க காடு முழுக்க இருக்காங்க. சொல்லப் போறவங்க ஒருத்தரும் இல்லை. இதைவிட வசதியான புதையல் எங்கே கிடைக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்தக் காட்டுக்கு ராசா ஒரு வேங்கைப்புலி. வேங்கையார் நியாயம் தவறாதவர். சபை கூடுகிற நாளில் யாரையும் தின்னக் கூடாது என்று அவருக்கு அவரே ஒரு விதி வைத்திருந்தார். முதல் நாளே வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவார் என்பது வேறு கதை. முன்னொரு தடவை நீர்நாய் ஒன்று கோரைப்புல்லைப் பின்னி மீன் மறிக்கிற தட்டி செய்தது. கொக்குகள் அதைப் பார்த்து அதேபோலச் செய்துவிட்டு, இது எங்கள் யோசனை என்று சாதித்தன. பாவம், நீர்நாய் அழுதது. அதனால் வேங்கையார் காப்புரிமை என்று ஒரு சட்டம் போட்டார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் சபைக்கு வந்து சொல்ல வேண்டும். அது முன்பே யாருக்கும் தெரியாததாக இருந்தால், ராசா ஈரக் களிமண்ணில் தன் பாதத்தைப் பதித்து முத்திரை வைப்பார். அதற்குப் பிறகு இருபது மழைக்காலம் அது கண்டுபிடித்தவருக்கே சொந்தம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது.

சவ்வாது குளித்து முழுகிச் சபைக்கு வந்து நின்றான். சுனைக்கொடியில் குளிர்காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னான். செய்முறையை மட்டும் ராசாவின் காதுக்குள் போட்டான்.

வேங்கையார் சபையைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த சபை வரை அவகாசம் தருவதாகவும், இது எனக்கு முன்பே தெரியும் என்கிறவர் அதற்குள் வந்து செய்முறையைச் சொல்லலாம் என்றும் அறிவித்தார். யாரும் வராவிட்டால் முத்திரை விழும். அதுவரை கொடி சவ்வாதின் காவலில் இருக்கும்.

குன்றி ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். வாய் பாதி திறந்தது. சத்தியம் நினைவுக்கு வரவே மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது, கரடி வானத்தைப் பார்த்தது, மந்தி தன் வாலில் இல்லாத பேனைத் தேடியது. குன்றியின் வாய் பாதி திறந்து மூடியதைச் சவ்வாது மட்டும் பார்த்து வைத்துக்கொண்டான்.

மறுநாளே சுனையில் சவ்வாதின் அண்ணன் தம்பிகள் காவலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இலை வேண்டுமென்றால் பொந்து நிறையப் பழம் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதோடு விட்டார்களா? கொடியையெல்லாம் வேரோடு பிடுங்கித் தங்கள் பொந்தில் குவிக்க ஆரம்பித்தார்கள். எத்தனையோ காலமாகப் பச்சையாக இருந்த பாறை, வழித்த மண்டை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. குன்றி அதைத் தூரத்தில் நின்று தினமும் பார்த்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சபைக்கு முந்தின நாள் மொட்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குட்டியின் குளம்பெல்லாம் சில்லிட்டுப் போய், பால் குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. குன்றி சுனைக்கு ஓடினாள். காவல்காரர்கள் விரட்டினார்கள். காடெல்லாம் அலைந்து பொறுக்கிக் கொண்டுபோன அத்திப்பழத்தைப் பார்த்து, இது மூக்குப்பொடிக்குக்கூடக் காணாது என்று சிரித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் சவ்வாது நிற்கிறான். வாயில் மூன்று வேளைக்கான இலை. மெதுவாகக் கீழே வைத்தான்.

"உன் புள்ளை என் புள்ளை இல்லையா, தங்கச்சி? வச்சுக்கோ. எனக்குப் பழமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்குச் சபையில நீ வழக்கம்போல சும்மா இருந்தா போதும்."

குன்றி என்ன செய்வாள்? குட்டி கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருக்கிறது. இலையை எடுத்துக்கொண்டாள். முதல் வேளை மருந்தைக் கொடுத்தாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. இரண்டாவது வேளை மறுநாள் உச்சியில், மூன்றாவது சாயங்காலம். மூன்று வேளையும் முழுசாகக் கொடுத்தால்தான் காய்ச்சல் விட்டுப் போகும்.

மறுநாள் சபைக்கு மொட்டையும் கூட்டிக்கொண்டு போனாள். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. குட்டி நாலடி நடப்பதும் அவள் மேல் சாய்ந்து நிற்பதுமாக வந்தது. மிச்ச இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். வழி சுனையைத் தாண்டித்தான் போனது.

அங்கே முள்ளம்பன்றி மூக்காயி நின்றுகொண்டிருந்தாள். மூக்காயியை உங்களுக்குத் தெரியாது. ரோஷக்காரி, யார் வாசலிலும் போய் நின்றதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை இரவல் கேட்டதில்லை. அந்த மூக்காயி காவல்காரன் காலடியில் கிழங்கைக் குவித்துவிட்டு, ஒரே ஒரு இலை கொடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈர மண்ணில் அவள் குட்டி சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. கிழங்கு பத்தாது என்று காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குன்றி கன்னத்தில் இலையோடு அவளைத் தாண்டிப் போனாள். அந்த இலை வாய்க்குள் நெருப்பாகச் சுட்டது. நாம் இன்று வாயை மூடிக்கொண்டால் நம் பிள்ளை பிழைக்கும். இருபது மழைக்காலத்துக்கு மற்ற தாய்மாரெல்லாம் அந்தக் காவல்காரன் காலில் விழ வேண்டும். அதற்குள் கொடி இருக்குமோ இருக்காதோ. வாயைத் திறந்தாலோ, மருந்து நம் வீட்டுக்குப் பலிக்காது. மொட்டுக்கு இன்னும் இரண்டு வேளை பாக்கி. இப்படியே நினைத்து நினைத்துச் சபைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

சபை கூடியது. ராசாவுக்கு முன்னால் களிமண் குழைத்து வைத்திருந்தது. காலைத் தூக்கியபடியே வேங்கையார் கேட்டார்.

"கடைசியாகக் கேட்கிறேன். இந்த மருந்தை முன்பே அறிந்தவர் யாராவது உண்டா?"

தன் குட்டியை இழுத்துக்கொண்டு மூக்காயி அப்போதுதான் சபைக்குள் வந்து ஓர் ஓரமாக நின்றாள். குன்றி அவளைப் பார்த்தாள். மொட்டைப் பார்த்தாள். கன்னத்தில் இருந்த இலையை எடுத்து மண்ணில் வைத்தாள். இலையை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாதே.

"எனக்குத் தெரியும் ராசா" என்றாள்.

இலையைக் காம்பு நீக்கி எடுக்க வேண்டும், மூங்கில் குருத்தோடு சேர்த்து மெல்ல வேண்டும், அதைக் குட்டியின் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், வேர்வை வரும்வரை நெற்றியை நக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்தது என்றாள். அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னாளாம்.

வேங்கையார் தூக்கிய காலைக் கீழே இறக்கிவிட்டார். இலையும் குருத்தும் நாக்கடியும் சரி, ஆனால் நெற்றியை நக்குவதைச் சவ்வாது சொல்லவில்லையே என்று யோசித்தார்.

"அது மருந்தா ராசா? சும்மா கொஞ்சல்" என்றான் சவ்வாது. பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். "இவ குட்டிக்குக் காய்ச்சல்னு இரக்கப்பட்டு நேத்து நான்தான் இலை கொடுத்தேன். கீழே கிடக்கறது அதுதான். என்கிட்ட கத்துக்கிட்டு எனக்கே எதிரா நிக்கறா. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

அவன் கொடுத்தானா என்று ராசா கேட்டார். கொடுத்தான் என்றாள் குன்றி. பொய் சொல்லத் தெரியாதவள் வேறு என்ன சொல்வாள்? சபை முணுமுணுத்தது. பார்த்தீர்களா, கருணை என்று வந்த இலை கண்ணியாக மாறிவிட்டதை. உன் ஒருத்தியின் வார்த்தையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது அம்மா, வேறு சாட்சி உண்டா என்று வேங்கையார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

சாட்சிக்கு யார் வருவார்கள்? கரடி பின்னால் நகர்ந்தது. மந்தி மரத்தில் ஒரு கிளை மேலே போனாள்.

அப்போது மொட்டு முனகிக்கொண்டே அப்படியே கீழே சாய்ந்தது. உச்சிவேளை வந்துவிட்டது. நடுக்கம் மறுபடி தொடங்கிவிட்டது. குன்றி இலையை எடுக்கப் போனவள் பாதியில் நின்றாள். அவள்தான் வாயைத் திறந்துவிட்டாளே. இனி அவள் கொடுத்தால் அது மருந்தா, வெறும் புல்லா?

அவளுக்கு ராசாவும் மறந்து போனார், முத்திரையும் மறந்து போனது. சபையைப் பார்த்துத் திரும்பி அழுதுகொண்டே கேட்டாள்.

"நான் சொல்லிட்டேன். என் வீட்டுக்கு இனிமே பலிக்காது. உங்க யார் வீட்லயாவது இந்த மருந்து இருந்தா, யாரும் வாயைத் திறக்க வேண்டாம். வந்து என் புள்ளைக்கு ஒரு வேளை கொடுத்துட்டுப் போங்க. அது போதும் எனக்கு."

பிறகு ஓரத்தில் இருந்து சரசரவென்று சத்தம். மூக்காயி தன் குட்டியை அங்கேயே படுக்க வைத்துவிட்டு நடுச்சபைக்கு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து மூங்கில் புதருக்குப் போய்க் குருத்தை ஒடித்து வந்தாள். கீழே கிடந்த இலையில் ஒரு பங்கை எடுத்துக் காம்பைக் கடித்துத் துப்பினாள். இரண்டையும் சேர்த்து மென்றாள். மொட்டின் நாக்குக்கு அடியில் வைத்தாள். அப்புறம், எப்போதும் சிலிர்த்துக்கொண்டே இருக்கிற தன் முள்ளையெல்லாம் படிய வைத்துக்கொண்டு, குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நெற்றியை நக்கிவிட ஆரம்பித்தாள். சத்தியம் வாய்ப்பேச்சுக்குத்தானே, வைத்தியத்துக்கு இல்லையே.

குன்றி அதைப் பார்த்தாள். பிறகு கடைசியாகக் கிடந்த இலையைக் கவ்வி எடுத்துக்கொண்டு போய் மூக்காயியின் குட்டியின் பக்கத்தில் வைத்தாள். அவளால் கொடுக்க முடியாது, வைக்கத்தானே முடியும்.

அந்த இலையைப் பார்த்ததும் மரத்தில் இருந்து மந்தி இறங்கி வந்துவிட்டாள். அவளும் பேசவில்லை. காம்பை நீக்கினாள், குருத்தைச் சேர்த்தாள், மென்றாள், முள்ளம்பன்றிக் குட்டியின் நாக்குக்கு அடியில் வைத்தாள். இந்தக் கோபக்காரக் கரடி இருக்கிறதே, அது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் குட்டியின் நெற்றியை நக்கியது. முள் குத்தியிருக்கும், ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னும் எத்தனையோ தாய்மார்கள் எழுந்து வந்தார்கள். இலை இல்லாதவர்கள் மூங்கில் குருத்தை மட்டும் ஒடித்து வந்து வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். உன் வீட்டிலுமா, உன் வீட்டிலுமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்குக் கேட்டுச் செய்கிறவர்களுக்கு இத்தனை பழக்கம் வராது, இது வீட்டுக்கு வீடு முன்பே தெரிந்த மருந்து என்று வேங்கையாருக்குப் புரிந்துவிட்டது. நான் போட்ட சட்டத்தை வைத்தே என் காட்டை ஏமாற்றப் பார்த்தாயே என்று சவ்வாதிடம் வருத்தமாகச் சொன்னார்.

"நான் இல்லேன்னா இது வெளியே வந்திருக்குமா ராசா?" என்றான் அவன் விடாமல்.

"புதிதாகக் கண்டவனுக்குத்தான் முத்திரை, சவ்வாது. ஒளிந்திருந்து பார்த்தவனுக்கு இல்லை" என்றார் ராசா.

களிமண்ணை அப்படியே அள்ளிச் சுனைக்கு எடுத்துப் போகச் சொன்னார். பிடுங்கிய கொடியில் உயிர் இருக்கிறவற்றையெல்லாம் சவ்வாதும் அண்ணன் தம்பிகளும் அந்தக் களிமண்ணை வேரில் அப்பித் திரும்ப நட வேண்டும், துளிர்க்கும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். மூக்கைச் சுருக்கிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

சாயங்காலம் வந்தது. மூக்காயியின் குட்டிக்கும் நடுக்கம் அடங்கியிருந்தது. மொட்டுக்கு மூன்றாவது வேளை கொடுக்க வேண்டும். மூக்காயி சுனையில் இருந்து இலையும் குருத்தும் கொண்டுவந்து குன்றியின் முன்னால் போட்டாள். நீங்களே கொடுங்கள் அக்கா என்று குன்றி பின்வாங்கினாள்.

"உன் புள்ளை. நீ கொடு" என்றாள் மூக்காயி.

"பலிக்கலைன்னா?"

"பலிக்கலைன்னா நான் கொடுக்கறேன். இங்கேதான் உட்கார்ந்திருப்பேன், எங்கேயும் போக மாட்டேன். கொடு."

குன்றி மென்றாள். மொட்டின் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு நெற்றியை நக்கத் தொடங்கினாள். நக்கினாள், நக்கினாள், அவள் நாக்கு வறண்டு போயிற்று. கடைசியில் அந்தச் சின்ன நெற்றியில் உப்புக் கரித்தது. வேர்வை. காய்ச்சல் விட்டுவிட்டது. குட்டி கண்ணைத் திறந்து, பால் வேண்டும் என்று மூக்கால் அவள் வயிற்றை முட்டியது.

குன்றி அழுதாள். மூக்காயியும் அழுதாள், ஆனால் கேட்டால் தூசி விழுந்தது என்பாள். அப்போது மலைக்கு மேலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஓர் அணில் தாய், தன் குட்டிக்கும் உடம்பு சுடுகிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று கிளையில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். குன்றி மொட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சுனை வரைக்கும் கேட்கிற குரலில், காம்பு நீக்குவதில் இருந்து ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொன்னாள்.

நீதி என்னவென்றால்: ஊருக்கே உரிய அறிவை ஊரறியச் சொல்லி வைக்க வேண்டும், ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்தால் திருடன் வந்து தன்னுடையது என்பான்.